வேளாண் பட்டதாரிக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்?

துவிஜேந்திரலால் ராய் என்றால் வங்காளிகளுக்கு 'ஷாஜகான்', 'சந்திரகுப்தா' முதலிய நாடகங்களும் ஏராளமான பாடல்களும் நினைவுக்கு வரும். அவர் வேளாண்மை படித்தவர் என்பது பலருக்கும் தெரியாது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆங்கிலத்தில் முதுகலை முடித்தவர், 1884இல் அரசு உதவித்தொகையுடன் இங்கிலாந்து சென்று, சிரென்செஸ்டர் நகரின் ராயல் வேளாண்மைக் கல்லூரியில் பயின்றார். 1886இல் நாடு திரும்பிய அவருக்கு அரசு அளித்தது துணை மாஜிஸ்திரேட் பதவி. நில அளவையிலும் வரி நிர்ணயத்திலும் பணியாற்றினார். குடியானவர்களின் நில உரிமை பற்றிய கேள்வியில் மேலதிகாரத்தோடு மோதவும் செய்தார். ஆனால், அரசு செலவிட்டுக் கற்பித்த வேளாண்மையைப் பயன்படுத்துவதற்கான இருக்கை ஒன்று அந்த அரசிடமே இல்லை.

அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு அதே சிரென்செஸ்டரில் பயின்று திரும்பியவர் கிரீஷ் சந்திர போஸ். அவர் கல்கத்தாவில் வங்கவாசிப் பள்ளியைத் தொடங்கினார். அது பின்னர் வங்கவாசி கல்லூரியாக வளர்ந்தது. ஒருவர் நீதிபரிபாலனத்துக்குப் போனார், மற்றவர் கல்விக்கூடம் நடத்தப் போனார். இருவரும் தத்தம் துறையில் பெரும்பணி ஆற்றினர். உதவித்தொகை எதற்காக வழங்கப்பட்டதோ அந்தப் பணியை மட்டும் இருவராலும் செய்ய இயலவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் வேளாண் பட்டப்படிப்பு பற்றி இரண்டு வாக்கியங்கள் தவறாமல் எழுகின்றன. ஒன்று, "உணவு உள்ளவரை வேளாண்மை உண்டு, ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை." மற்றொன்று, "வேளாண்மை படித்தவர்கள் வயலுக்குப் போவதில்லை. அரசு வேலைக்குத்தான் காத்திருக்கிறார்கள்." முதல் வாக்கியம் ஒரு நம்பிக்கை. இரண்டாவது ஒரு குற்றச்சாட்டு. அது நூறாண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. இவ்வளவு காலம் மாறாமல் நீடிக்கும் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக வரும் மாணவர்களின் மனக்கோணல் என்று கொள்வது பொருத்தமாகாது. காரணத்தைப் பட்டப்படிப்பின் வரலாற்றில்தான் தேட வேண்டும். இந்தியாவில் வேளாண் பட்டம் ஒரே ஒரு முதலாளிக்காக உருவாக்கப்பட்டது. அந்த முதலாளி அரசு. அரசு ஆள் எடுப்பதைக் குறைத்தபோது பட்டதாரியை அழைக்கும் பெயர் மாறியது. அவருக்கு ஊதியம் தருபவர் யார் என்ற கேள்வி மட்டும் விடையின்றியே நின்றது.

பஞ்சத்தில் பிறந்த துறை

1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்துக்குப் பின் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணையம், மாகாணந்தோறும் வேளாண் துறை வேண்டும் என்று 1880இல் பரிந்துரைத்தது. வேளாண்மை அன்று வருவாய்த் துறையின் நிழலில்தான் இருந்தது. பயிர்ப் பரப்பையும் விளைச்சலையும் கணக்கெடுப்பதும் பஞ்சத்தை முன்கூட்டி அறிவதும் இப்புதிய துறைகளின் முதற்கடமைகளாயின. விவசாயிக்கு ஆலோசனை சொல்லும் பணி பட்டியலில் பின்னால் இருந்தது.

1889இல் இந்திய வேளாண்மையை ஆராய்வதற்காக இங்கிலாந்திலிருந்து வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் அனுப்பப்பட்டார். நாடெங்கும் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கை 1893இல் வெளிவந்தது. இந்திய உழவர் அறிவில் பின்தங்கியவர் என்ற பொதுக்கருத்தை அவர் ஏற்கவில்லை. சராசரி ஆங்கில விவசாயிக்கு அவர் இளைத்தவரல்லர், சில வகைகளில் மேம்பட்டவர் என்றே கண்டார். நீரும் எருவும் வசதிகளும் இல்லாமையே குறை என்றார். நடப்பிலிருந்த கல்வி இளைஞர்களை நிலத்திலிருந்து விலக்கி அரசு அலுவலகங்களை நோக்கித் திருப்புகிறது என்பதையும் அவர் சுட்டினார். இன்று நாம் கேட்கும் குற்றச்சாட்டு, நாட்டில் முறையான வேளாண் கல்லூரிகள் பரவுவதற்கு முன்பே இவ்வாறு பதிவாகிவிட்டது.

1905இல் கர்சன் பிரபுவின் காலத்தில் பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு 30,000 பவுண்டு நன்கொடை அளித்தவர் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர். 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அக்கட்டடம் சிதைந்ததால் நிலையம் 1936இல் தில்லிக்கு மாறியது. தில்லியில் அந்த இடத்தை இன்றும் மக்கள் 'பூசா' என்றே அழைக்கிறார்கள். பூசாவைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குள் புணே, கான்பூர், நாக்பூர், சபூர், லயால்பூர், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களில் வேளாண் கல்லூரிகள் எழுந்தன.

இக்கல்லூரிகளின் நோக்கம் ஒளிவுமறைவற்றது: மாகாண வேளாண் துறைகளுக்குக் கீழ்நிலை அலுவலர்களைத் தயாரிப்பது. உயர்பதவிகள் 1906இல் உருவான இந்திய வேளாண் பணியைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலும் ஐரோப்பியர்கள் அமர்ந்தனர். கல்லூரியில் பயின்ற இந்தியர் அவர்களுக்குக் கீழே, பண்ணைகளிலும் ஊர்ப்புறங்களிலும் 'டெமான்ஸ்ட்ரேட்டர்', அதாவது செய்து காட்டுபவர். புதிய கலப்பையையோ விதையையோ கொண்டுபோய் வயலில் இட்டுக் காட்டுவது அவர் வேலை. ஊதியம் அரசிடமிருந்து வந்தது. விவசாயி அவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. அவரிடம் எதையும் கேட்கும் உரிமையும் விவசாயிக்கு இல்லை.

அரசு ஊதியம் இல்லாமல் இப்பட்டத்தைப் பயன்படுத்த அன்று ஒருவகையினரால்தான் முடிந்தது: சொந்தமாகப் பெருநிலம் உடையவர்கள். இரவீந்திரநாத் தாகூர் தம் மகன் ரதீந்திரநாத்தை 1906இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வேளாண்மை படிக்க அனுப்பினார். திரும்பி வந்தவர் ஷிலைதாவில் குடும்ப ஜமீனில் பண்ணையும் ஆய்வுக்கூடமும் அமைத்துப் பரிசோதனைகள் செய்தார். சில ஆண்டுகளில் தந்தையின் கல்விப் பணி அவரைச் சாந்திநிகேதனுக்கு இழுத்துக்கொண்டது. இல்லினாய் பட்டத்தோடு ஜமீனும் இருந்ததால்தான் அந்தப் பண்ணையும் சாத்தியமாயிற்று. பட்டம் மட்டும் இருந்தவருக்கு அரசுத் துறையைத் தவிர வேறு வாசல் இல்லை.

லின்லித்கோ பிரபுவின் தலைமையில் 1926இல் அமைந்த அரச வேளாண் ஆணையம் 1928இல் அறிக்கை தந்தது. தாகூரின் மருமகனும் இல்லினாயில் வேளாண்மை பயின்றவருமான நாகேந்திரநாத் கங்கூலி அதன் உறுப்பினர்களுள் ஒருவர். வேளாண் கல்லூரிகளுக்கு மாணவர்களை ஈர்ப்பது அரசுப் பணியே என்பதை ஆணையமும் கண்டது. அதன் பரிந்துரையால் 1929இல் இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முன்னோடி அமைப்பு பிறந்தது. ஆராய்ச்சிக்கு மைய அமைப்பு கிடைத்தது. பட்டதாரியின் தொழிலுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

இக்காலத்தில் நடந்த இன்னொரு மாற்றத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் வேளாண்மையை மாகாண அமைச்சர்களின் பொறுப்புக்கு மாற்றின. 1924இல் லீ ஆணையம், இத்தகைய துறைகளுக்கு அகில இந்திய அளவில் ஆள் எடுப்பதை நிறுத்தச் சொன்னது. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் வேளாண்மையும் அதன் கல்வியும் ஆராய்ச்சியும் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றது இந்தத் தொடர்ச்சியில்தான். பட்டதாரியின் வேலை, ஒவ்வொரு மாநிலக் கருவூலத்தின் நிலையோடு பிணைக்கப்பட்டது.

சேவகரும் அலுவலரும்

விடுதலைக்குப் பின் 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டமும், அடுத்த ஆண்டு தேசிய விரிவாக்கப் பணியும் தொடங்கின. ஊருக்கு ஊர் 'கிராம சேவக்' வந்தார். பயிர், கால்நடை, சுகாதாரம், சாலை என எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே. இவர்கள் பெரும்பாலும் பள்ளிப் படிப்புக்குப் பின் பயிற்சி பெற்றவர்கள். வேளாண் பட்டதாரிக்கு வட்டார அளவில் விரிவாக்க அலுவலர் பதவி இருந்தது. அதாவது, விவசாயியோடு நாள்தோறும் பேசுபவர் ஒருவர். பட்டம் பெற்றவர் வேறொருவர். பட்டதாரி வயலுக்குப் போவதில்லை என்று குறைசொல்வோர், அவரை வயலிலிருந்து ஒரு படி மேலே அமர்த்தியது பணியமைப்புதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

'விரிவாக்கம்' என்ற சொல்லைப் பற்றிச் சிறிது. மொழியியல் பயின்ற எனக்கு இந்தச் சொல்லின் பயணம் வரலாற்றையே காட்டுவதாகத் தோன்றும். ஆங்கில மூலச்சொல் 1870களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் சுவர்களுக்கு வெளியே, ஊர் ஊராகச் சென்று விரிவுரை நிகழ்த்தத் தொடங்கியபோது வழக்குக்கு வந்தது. விரிந்தது பல்கலைக்கழகம். அமெரிக்கா 1914இல் சட்டமியற்றி இக்கருத்தை வேளாண்மைக்கு எடுத்துக்கொண்டபோதும் விரிவாக்கப் பணியாளர் பல்கலைக்கழகத்தின் ஆளாகவே இருந்தார். இந்தியாவுக்கு அச்சொல் வந்தபோது எழுவாய் மாறிவிட்டது. இங்கே விரிந்தது அரசுத் துறை. தமிழில் 'விரிவாக்கம்' என்றும் இந்தியில் 'பிரசார்', 'விஸ்தார்' என்றும் சொல்லை மொழிபெயர்த்தோம். எது விரிகிறது என்ற கேள்வி மொழிபெயர்ப்பில் தொலைந்துபோயிற்று.

அமெரிக்க மாதிரியும் இந்தியப் பிளவும்

1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம் அமெரிக்க மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதன் வருவாயில் வேளாண்மையும் இயந்திரக் கலையும் கற்பிக்கும் கல்லூரிகளை உருவாக்கியது. இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் 1949இல் கிராமப்புறப் பல்கலைக்கழகங்களைப் பரிந்துரைத்திருந்தது. 1955இல் இந்திய-அமெரிக்கக் கூட்டுக்குழுவும் அதே திசையைக் காட்டியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு, தராய் நிலப்பரப்பில் பந்த்நகரில் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகத்தை 1960 நவம்பர் 17இல் நேரு தொடங்கிவைத்தார். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் துணையோடு 1962இல் லூதியானாவில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் வந்தது. 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி ஆணையம் மாநிலத்துக்கு ஒன்றேனும் வேண்டும் என்றது. கோயம்புத்தூர்க் கல்லூரி 1971இல் பல்கலைக்கழகமானது.

கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருப்பதே அமெரிக்க மாதிரியின் உயிர். இந்தியாவில் முதல் இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. மூன்றாவதன் பெரும்பகுதி மாநில வேளாண் துறையிடமே தங்கிவிட்டது. துறைகள் தம் ஆட்களையும் அதிகாரத்தையும் விட்டுக்கொடுக்க முன்வரவில்லை. இதன் விளைவு மாணவரைத்தான் வந்தடைந்தது. பாடம் சொல்லித் தருபவர் ஒருவர், வேலை கொடுப்பவர் வேறொருவர். ஆண்டுக்கு எத்தனை பேர் வெளிவர வேண்டும் என்று தீர்மானிப்பவருக்கும், எத்தனை பேரை எடுத்துக்கொள்வது என்று தீர்மானிப்பவருக்கும் இடையே எந்தக் கணக்குப் பரிமாற்றமும் இல்லை.

ஆயினும் அடுத்த இருபது ஆண்டுகள் இந்தப் பிளவு வெளியே தெரியவில்லை. பசுமைப் புரட்சி ஆள் கேட்டது. 1963இல் தேசிய விதைக் கழகம், 1969இல் பந்த்நகரை ஒட்டித் தராய் வளர்ச்சிக் கழகம் என விதை நிறுவனங்கள் வந்தன. 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் தேசியமயமாயின. கிராமப்புறக் கடனை மதிப்பிட வங்கிகளுக்கு வேளாண் அலுவலர்கள் தேவைப்பட்டனர். 1982இல் நபார்டு வந்தது. புதிய பல்கலைக்கழகங்கள் தாமே பெரிய வேலையளிப்போராயின; நேற்றைய மாணவர் இன்றைய உதவிப் பேராசிரியர். 1974இல் புதுச்சேரியில் தொடங்கிய முதல் வேளாண் அறிவியல் நிலையம், இன்று நாடெங்கும் 700க்கும் மேற்பட்டதாகப் பெருகியிருக்கிறது. உலக வங்கியின் துணையோடு, டேனியல் பெனோர் வகுத்த 'பயிற்சியும் சந்திப்பும்' முறை 1970களின் நடுவில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் பாசனப் பகுதிகளில் தொடங்கி மாநிலம் மாநிலமாகப் பரவியது. குறித்த கிழமையில் குறித்த ஊருக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் ஓர் அலுவலர் வர வேண்டும் என்பது அதன் விதி. அதற்காக ஆயிரக்கணக்கான பணியிடங்கள் உருவாயின.

இந்தப் பொற்காலத்திலும் விரிசல்கள் இருந்தன. 1972இல் தில்லிப் பூசாவில் ஓர் இளம் விஞ்ஞானி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பணியமர்த்தலிலும் பதவி உயர்விலும் நடந்த முறைகேடுகள் பற்றிய கேள்விகள் நாடாளுமன்றம்வரை எழுந்தன. முன்னாள் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் விளைவாக வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியமும், 1975இல் வேளாண் ஆராய்ச்சிப் பணியும் உருவாயின. அதே 1970களின் தொடக்கத்தில், வேலையற்ற பொறியாளர்களும் வேளாண் பட்டதாரிகளும் சுயதொழில் செய்வதற்கென 'வேளாண் சேவை மையங்கள்' திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. பசுமைப் புரட்சியின் உச்சத்திலேயே அரசுக்குத் தன்னால் எல்லோரையும் எடுத்துக்கொள்ள இயலாது என்பது தெரிந்திருந்தது. "சொந்தத் தொழில் தொடங்கு" என்ற அறிவுரை இன்றைய புத்தொழில் அலையில் பிறந்ததன்று. அதற்கு வயது ஐம்பதுக்கு மேல்.

கதவு சாத்தப்பட்டது

1990களில் உலக வங்கிக் கடனோடு ஓடிய விரிவாக்க முறை நின்றது. நிதி நெருக்கடியில் மாநிலங்கள் புதிய நியமனங்களைத் தள்ளிப்போட்டன. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் காலியாகவே கிடந்தன. இதற்கு மாற்றாக மாவட்ட அளவில் வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைகள் வந்தன. 2005இலிருந்து அவை நாடெங்கும் விரிந்தன. அவற்றில் பட்டதாரிக்குக் கிடைத்த பதவியின் பெயர் 'வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர்'. பணியோ ஒப்பந்த அடிப்படையிலானது. சேவகராக இருந்தபோது நிரந்தரம் இருந்தது. மேலாளரானபோது அது போயிற்று.

இதே காலத்தில் விவசாயியின் நிலை என்ன? தேசிய மாதிரி ஆய்வின் 59ஆம் சுற்று 2003இல் விவசாயக் குடும்பங்களிடம் ஒரு கேள்வி கேட்டது: நவீனத் தொழில்நுட்பம் பற்றிய தகவல் உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு எங்கிருந்தும் கிடைக்கவில்லை. சுமார் 17 விழுக்காட்டினருக்கு முன்னோடி விவசாயிகளிடமிருந்தும், 13 விழுக்காட்டினருக்கு உரம், பூச்சிமருந்துக் கடைக்காரரிடமிருந்தும் கிடைத்தது. விரிவாக்கப் பணியாளர் வழியே பெற்றவர்கள் 6 விழுக்காடு அளவே. பத்தாண்டு கழித்து 70ஆம் சுற்றில் கேட்டபோதும் தகவல் கிடைக்காதோர் பங்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது.

ஒரு பக்கம், ஆலோசனை சொல்ல ஆளில்லாத விவசாயிகள். மறுபக்கம், ஆலோசனை சொல்லப் படித்துவிட்டு வேலையில்லாத பட்டதாரிகள். தேவை இல்லாததால் வேலையில்லை என்று இதை விளக்க முடியாது. மாணவரின் மனப்பான்மையாலும் விளக்க முடியாது. இருவருக்கும் நடுவே பணம் கடந்துபோகும் பாலம் ஒன்று இல்லை.

மருத்துவமனை என்ற உவமை

2002 ஏப்ரலில் மத்திய அரசு 'வேளாண் மருத்துவமனைகள், வேளாண் வணிக மையங்கள்' திட்டத்தைத் தொடங்கியது. ஐதராபாத்தின் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் பயிற்சிக்குப் பொறுப்பு. பட்டதாரிக்கு 45 நாள் பயிற்சி. வங்கிக் கடனில் பொதுப்பிரிவினருக்கு 36 விழுக்காடும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வடகிழக்கு மற்றும் மலை மாநிலத்தவருக்கு 44 விழுக்காடும் மானியம். மருத்துவர் மருத்துவமனை வைப்பது போலப் பட்டதாரி ஊரில் அமர்ந்து ஆலோசனைக்குக் கட்டணம் பெறுவார் என்பது எண்ணம். திட்டத்தால் நிலைபெற்றவர்கள் உண்டு. பால்பண்ணை, நாற்றங்கால், இயந்திர வாடகை மையம், இடுபொருள் கடை எனப் பல தொழில்கள் வளர்ந்தன. ஆனால் அவற்றில் பணம் தந்தது பெரும்பாலும் விற்ற பொருள்தான். ஆலோசனை அதோடு இலவசமாகப் போனது.

இதற்கு விவசாயியின் கஞ்சத்தனம் காரணமன்று. காய்ச்சலுக்கு மருத்துவர் எழுதித் தரும் சீட்டு ஒரு நோயாளிக்கு மட்டுமே பயன்படும். இந்த விதையை இந்த வாரம் விதை என்ற ஆலோசனையோ வரப்பு தாண்டிப் போய்விடும். ஒருவர் கட்டணம் கொடுத்துக் கேட்டதைப் பக்கத்து வயல்காரர் பார்த்தே கற்றுக்கொள்வார். ஆகவே யாருக்கும் முதலில் பணம் கொடுக்கத் தோன்றாது. மேலும், ஆலோசனை சரியாக இருந்தாலும் மழை பொய்த்தால் பயனில்லை. மழை பெய்தாலும் விலை சரிந்தால் பயனில்லை. நாட்டின் சராசரி நில உடைமை 1970-71இல் 2.28 எக்டேராக இருந்தது, 2015-16இல் 1.08 எக்டேர். அந்த அளவு நிலத்தின் வருமானத்திலிருந்து ஒரு பட்டதாரியின் மாதச் சம்பளத்துக்குப் பங்கு கேட்பது எளிதன்று. பொதுநலன் தரும் அறிவுக்குப் பொதுப்பணமே ஊதியம் தர வேண்டும் என்று உலகின் பல நாடுகள் முடிவு செய்தது இதனால்தான்.

உவமையின் இன்னொரு பாதியையும் நாம் நிறைவேற்றவில்லை. மருத்துவருக்குச் சட்டக் காப்பு உண்டு. கால்நடை மருத்துவருக்கும் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் உண்டு; பதிவு பெறாதவர் அத்தொழில் செய்ய இயலாது. பயிருக்கு மருந்து எழுதுபவருக்கு அப்படியொரு பதிவோ கழகமோ தேசிய அளவில் இல்லை. 2015இல் பூச்சிமருந்து விற்பனை உரிமம் பெற வேளாண்மை அல்லது அதுபோன்ற அறிவியல் பட்டமோ பட்டயமோ வேண்டும் என விதி திருத்தப்பட்டபோது மாணவரிடையே நம்பிக்கை பிறந்தது. ஏற்கெனவே கடை நடத்தியோரின் வாழ்வாதாரக் கேள்வி எழுந்தது. அதுவும் நியாயமான கேள்வியே. அவர்களுக்குக் கால நீட்டிப்பும் குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகளும் வந்தன. வேளாண் படிப்புகள் தொழிற்கல்விப் பட்டங்கள் என்று ஐந்தாவது முதல்வர்கள் குழுவின் பரிந்துரைப்படி அறிவிக்கப்பட்டன. தொழில் என்ற பெயர் வந்தது. அத்தொழிலைச் செய்யும் தனியுரிமை வரவில்லை.

பெயர்களின் வரிசை

டெமான்ஸ்ட்ரேட்டர், கிராம சேவக், விரிவாக்க அலுவலர், தொழில்நுட்ப மேலாளர், வேளாண் தொழில்முனைவோர். ஒரு நூற்றாண்டில் வந்த பெயர்களை இப்படி அடுக்கினால் பதவி ஏறிக்கொண்டே போவது போலத் தோன்றும். இலக்கணப்படி பார்த்தால் வேறொன்று தெரியும். முதல் நான்கு பெயர்களிலும் ஏவுபவர் ஒருவர் மறைந்திருக்கிறார். அலுவலர் என்றால் யாரோ ஒருவரின் அலுவலர். ஐந்தாவது பெயரில் அந்த ஏவுபவர் இல்லை. முனைபவரும் அவரே, இழப்பைத் தாங்குபவரும் அவரே. பெயரின் மதிப்பு உயர உயர, பொறுப்பு அரசின் தோளிலிருந்து இருபத்திரண்டு வயது இளைஞரின் தோளுக்கு மாறியிருக்கிறது. 2015இல் 'ஸ்டூடன்ட் ரெடி' திட்டம் தொடங்கப்பட்டு, இறுதியாண்டு மாணவர் கிராமத்தில் தங்கிக் கற்பதும் தொழில்முனைவுப் பயிற்சி பெறுவதும் பாடத்திட்டத்தின் பகுதியாயின. பயிற்சி நல்லதுதான். ஆனால் சொந்த நிலமோ பிணை வைக்கச் சொத்தோ இல்லாத வீட்டிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்கு 'தொழில்முனைவோர்' என்ற சொல்லும், ஜமீன் இருந்த ரதீந்திரநாத்துக்கு அதே சொல்லும் ஒரே பொருளைத் தருவதில்லை.

இன்று நாட்டில் வேளாண் பல்கலைக்கழகங்கள் 70க்கும் மேல். தனியார் கல்லூரிகளும் பல மாநிலங்களில் பெருகியுள்ளன. வெளிவருவோர் முன் நிற்பவை மாநிலத் தேர்வாணையங்களின் வேளாண் அலுவலர் தேர்வு, வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வு, ஆராய்ச்சிப் பணித் தேர்வு, விதை மற்றும் பூச்சிமருந்து நிறுவனங்களின் விற்பனைப் பணி ஆகியவை. குடிமைப்பணித் தேர்வில் வேளாண்மையை விருப்பப் பாடமாக எடுப்போரும் உண்டு. துவிஜேந்திரலால் ராயை மாஜிஸ்திரேட் ஆக்கிய பாதை இன்னும் திறந்தே இருக்கிறது.

அண்மை முயற்சிகளில் நான் கவனித்து வருவது உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். 10,000 நிறுவனங்களை உருவாக்கும் 2020ஆம் ஆண்டுத் திட்டத்தில், ஒவ்வொன்றுக்கும் மூன்றாண்டு மேலாண்மைச் செலவுக்காக 18 லட்சம் ரூபாய்வரை மத்திய அரசு தருகிறது. முதன்மைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000 ரூபாய்வரை ஊதியம் அதிலிருந்து வரும். இங்கே பட்டதாரியின் முதலாளியாக விவசாயிகளின் கூட்டமைப்பு அமர்கிறது. நூறாண்டுக் கேள்விக்குப் புதிய விடை இது. ஆனால் மூன்றாண்டு முடிந்தபின் அந்த 25,000 ரூபாயை நிறுவனம் தன் வணிகத்திலிருந்து தர வேண்டும். தர முடிந்தால் புதிய தொழில் ஒன்று பிறந்திருக்கிறது என்று பொருள். முடியாவிட்டால் பெயர்ப் பட்டியலில் ஆறாவது பெயர் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

நாட்டின் உழைப்பாளர்களில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் இன்னும் வேளாண்மையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவு தேவையில்லை என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே வேளாண் மாணவரைப் பார்த்து "ஏன் வயலுக்குப் போகவில்லை?" என்று கேட்பதை நாம் நிறுத்திக்கொள்ளலாம். மாநில அரசுகளைப் பார்த்துக் கேட்க வேண்டியவை எளிய, எண்ணில் விடை சொல்லத்தக்க கேள்விகள்: உங்கள் வேளாண் துறையில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றில் காலியாக இருப்பவை எத்தனை, இந்த ஆண்டு நீங்கள் அனுமதித்த கல்லூரி இடங்கள் எத்தனை? இம்மூன்று எண்களும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர் சேர்க்கை அறிவிப்போடு சேர்ந்து வெளிவர வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கும் அவர் பெற்றோருக்கும் அதை அறியும் உரிமை இருக்கிறது.